கேஸ் ஷீட்டில் உணவுக்கு ஒரு வரி

முக்கியமானதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று பத்திரிகை வேலையில் முப்பது வருடம் பழகியவன் நான். அதனால் சொல்லிவிடுகிறேன். சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த என் மனைவியால் இப்போது பதினேழையும் எட்டையும் கூட்ட முடியாது. நேற்று நடந்தது இன்று அவளுக்கு நினைவில் இல்லை. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் ஒன்றில், வெள்ளிக்கிழமை மாலைக்கும் சனிக்கிழமை காலைக்கும் இடையில் அவளுக்கு இப்படி ஆனது. யாரும் மருந்தை மாற்றிக் கொடுத்துவிடவில்லை. ஊசி தவறவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காதவர்களில் நானும் ஒருவன்.

அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. டாக்டர் தி. நகரில், நகைக்கடைத் தெருவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மாடியில் இருந்தார். நல்ல மனிதர். அவசரப்படுத்தமாட்டார், ஆனால் வெளியே பெஞ்சில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் உள்ளே இருந்தது நான்கு நிமிடம்.

“எப்படி இருக்கீங்க டீச்சர்?”

“இருக்கேன் டாக்டர்.”

“சாப்பாடு கன்ட்ரோல்ல இருக்கா?”

“இருக்கு டாக்டர்.”

கன்ட்ரோல் என்றால் அவர் என்ன நினைக்கிறார், இவள் என்ன நினைக்கிறாள் என்று இருவரும் ஒருபோதும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. காப்பியில் சர்க்கரை போடாமல் இருப்பதுதான் அவளுக்குக் கன்ட்ரோல். அதை அவள் ஒரு நாள்கூட மீறவில்லை. உண்மையைத்தான் சொன்னாள்.

முதல் வருடம் அவர் ஒரு தாள் கொடுத்தார். மருந்துக் கம்பெனி ஒன்று அச்சடித்தது. காலை எட்டு மணிக்கு ஓட்ஸ், பதினொன்றுக்கு ஒரு ஆப்பிள், மதியம் இரண்டு சப்பாத்தி, இரவு ஏழு மணிக்குக் காய்கறி சூப். காலை எட்டு மணிக்கு அவள் பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு வரிசை பார்த்துக்கொண்டிருப்பாள். மாலைப் பூசைக்குப் போனால் வீடு திரும்ப எட்டு ஆகும். அந்தத் தாள் கொஞ்ச நாள் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. பிறகு மசாலா டப்பா வைக்கும் தட்டில் விரிப்பாகப் போனது.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு வாரக் கணக்கு கிடையாது, வருடக் கணக்குதான் உண்டு. டிசம்பர் பாதியிலிருந்து கேக், அச்சுமுறுக்கு, கல்கல், அதிரசம். ஒரு வீட்டிலிருந்து தட்டு வந்தால் அதே தட்டில் திருப்பி அனுப்ப வேண்டும், அனுப்பினால் மறுபடி வரும். ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாள் வரை இது நிற்காது. ஜனவரிக் கடைசியில் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரி ஏறியிருக்கும். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வரும். அன்றிலிருந்து வீட்டில் பலகாரம் நிற்கும், எங்களுக்கு ஒருசந்தி தொடங்கும், அதாவது அந்த நாட்களில் ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. மே மாதப் பரிசோதனையில் சராசரி அழகாக இறங்கியிருக்கும். “சூப்பர் டீச்சர், டோஸ் நல்லா வேலை செய்யுது. இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க” என்பார் டாக்டர்.

ஒவ்வொரு வருடமும் மாத்திரை கூடிய அடுத்த மாதம் சாப்பாடு குறைந்தது. இந்த வாக்கியத்தை இப்போது எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பத்து வருடம் அந்த ஃபைலைக் கையில் தூக்கிக்கொண்டு கூடவே போனவன் நான்தான்.

நோயாளிகளுக்கு ஒருசந்தி கடமை இல்லை என்று பங்குச் சாமியார் பூசையில் ஒவ்வொரு வருடமும் அறிவிப்பார். சர்க்கரையை அவள் நோய் என்று எடுத்துக்கொண்டதில்லை. நோய் என்றால் படுத்திருக்க வேண்டும். பல வருடங்கள் வெள்ளிக்கிழமை மட்டும் ஒருசந்தி இருந்தாள். அதனால் தப்பித்தாள் என்று நினைக்கிறேன். அந்த வருடம் நாற்பது நாளும் இருப்பதாக நேர்ந்துகொண்டாள். எங்கள் மகள் தரமணியைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருடப் பரீட்சையில் பலர் தவறிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதல் தடவையிலேயே அவள் தேறட்டும் என்பதுதான் நேர்த்தி.

இந்த ஏற்பாட்டில் தவறு இருக்கிறது என்று முதலில் சொன்னது பட்டினப்பாக்கத்தில் எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் பெண்மணி. தவக்காலம் தொடங்கி இரண்டாவது ஞாயிறு அவர் கடையைக் கடந்து போனோம்.

“இன்னா டீச்சர், இந்த வாட்டி நாப்பது நாளும் நம்ம கடைய கட் பண்ட்டியா?”

“சுத்தபோசனம்பா. மீன் கறி எதுவும் இல்ல.”

“உங்க ஃபாதரே காத்தால வந்து வஞ்சரம் வாங்கிக்கினு போறாரு. நீ இன்னாமோ அவருக்கு மேல. ஒரு வேளதான் துன்றியாமே, நெசமா?”

“ஆமா. நேர்த்தி.”

“ஒடம்புல சுகர வச்சிக்கினு இன்னாத்துக்கு ஒனக்கு இந்த வேல? மூணு வேள மாத்திரைய யாரு முழுங்குறது, உங்க சாமியா?”

“ரெண்டு வேளதான்” என்று என் மனைவி திருத்தினாள். கணக்கு டீச்சர். நாங்கள் இருவரும் சிரித்தோம். அந்த அம்மாளும் சிரித்துவிட்டு, கூடையிலிருந்த சங்கராவின் மேல் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

அதற்கடுத்த சனிக்கிழமை மகள் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். அந்த வருடம்தான் வார்டுக்குப் போய் நோயாளிகளிடம் விவரம் கேட்டு எழுதப் பழக்கத் தொடங்கியிருந்தார்கள். கேட்டு எழுதும் தாளைக் கேஸ் ஷீட் என்பார்கள். திங்கட்கிழமை அவள் ஒன்றைக் காட்ட வேண்டும். சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தாள்.

“மம்மி, இப்படி உக்காரு. இன்னிக்கு நீதான் என் பேஷண்ட்.”

“எனக்கு என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதா? நீயே எழுதிக்கோயேன்.”

“அப்படி எழுதினா எங்க மேடம் கண்டுபிடிச்சிடுவாங்க. நீ சொல்லணும், நான் எழுதணும்.”

வயது, தொழில், எத்தனை வருடமாகச் சர்க்கரை, அப்பா அம்மாவுக்கு இருந்ததா, கால் மரத்துப்போகிறதா. நன்றாகத்தான் கேட்டாள். கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை, முகத்தை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொந்தப் பழக்கங்கள் என்ற பகுதி வந்தது.

“டயட், மிக்ஸட்” என்று சொல்லிக்கொண்டே எழுதினாள் மகள்.

“நான் இன்னும் வாயே தொறக்கலையே.”

“நாம கறி மீன் சாப்பிடுவோம்ல? அப்ப மிக்ஸட். சாப்பிடாதவங்கன்னா வெஜ். ரெண்டே ரெண்டுதான் மம்மி.”

“இப்ப ஒருசந்தில இருக்கேனே, அது?”

“அது பர்மனென்ட் இல்லல்ல, விடு. ஒரு லைன்தான் இடம் இருக்கு. தூக்கம் எப்படி?”

“தூக்கத்துக்கென்ன.”

“மாத்திர?”

“ஒரு வேளகூட விட்டதில்ல.”

“குட் பேஷண்ட்.”

மேசையின் மறு முனையில் நான் ஒரு கட்டுரையைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. தலையை நிமிர்த்தவில்லை. ஒரு விஷயத்தை ஒரு வரிக்குள் அடக்குவதற்காகத்தான் எனக்கு முப்பது வருடம் சம்பளம் கொடுத்தார்கள். பெண் நன்றாக வருவாள் என்று நினைத்தேன்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை. காலையில் மாத்திரை, பால் விடாத கட்டங்காப்பி, பள்ளிக்கூடம். மதியம் சாம்பார் சாதம், கோஸ் பொரியல். மாலையில் கோயிலில் சிலுவைப்பாதை. பதினான்கு நிலைக்கும் முட்டி போட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டாவது மாத்திரையை ஒரு டம்ளர் வெந்நீரோடு விழுங்கினாள். வேறு எதுவும் சாப்பிடவில்லை. களைப்பாக இருக்கிறது என்று சொல்லிப் படுத்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் எழவில்லை. பள்ளி விடுமுறை, தூங்கட்டும் என்று விட்டேன். பால் வாங்கினேன், பேப்பர் படித்தேன், மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போய் ஒரு செருப்பைத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டரை மணி நேரம். எட்டரைக்குத் திரும்பியபோது மகள் ஹாஸ்டலிலிருந்து வந்து கதவருகில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அம்மாவைத் தொட்டவள் அப்படியே நின்றாள். நைட்டி முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் பாதி திறந்தது, பார்வை எங்கள் மேல் இல்லை. மகளின் பையிலேயே சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது. விரலில் குத்தினாள். இருபத்தாறு என்று காட்டியது. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. சின்ன வயதில் கணக்குப் போட்டு எத்தனையோ விடைகளை அம்மாவிடம் காட்டி மார்க் வாங்கியிருக்கிறாள். இந்த எண்ணை என்னிடம் காட்டினாள்.

அடையாற்றில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். முதலில் பார்த்த பயிற்சி டாக்டருக்கு மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். சிரையில் குளுக்கோஸ் ஏறத் தொடங்கிய பிறகு தாளை எடுத்தான். அவனும் டயட் என்ற இடத்தில் கேட்காமலே எழுதினான். நான் எட்டிப் பார்த்தேன். அதே சொல்தான்.

“ஒருசந்தி இருந்தாங்க” என்றாள் மகள்.

“அப்படின்னா?”

விளக்கினாள். அவன் பேனாவைக் கீழே வைத்தான். “ரெண்டு வேளை இந்த மாத்திரை போட்டுக்கிட்டா? இத நீங்க யாரும் கேக்கலையா?”

அவனுடைய கோட்டும் மகளின் பையில் மடித்து வைத்திருந்த கோட்டும் ஒரே மாதிரி இருந்தன.

பெரிய டாக்டர் பிறகு விளக்கினார். சிறுநீரகம் லேசாகச் சுணங்கியிருந்ததால் மருந்து உடம்பைவிட்டு வெளியேறாமல் தங்கிவிட்டது. மூளைக்கு நெடுநேரம் சர்க்கரை கிடைக்கவில்லை. திரும்ப வருமா என்று கேட்டேன். மூன்று மாதத்தில் என்ன வருகிறதோ அதுதான் வரும் என்றார். பேச்சு வந்தது. நடை வந்தது. ஜெபங்கள் வந்தன, முழுசாக. கணக்கும் நேற்றும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு விருப்ப ஓய்வுக் கடிதத்தை நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள்.

மகள் முதல் தடவையிலேயே தேறினாள். நேர்த்தியைப் பற்றி அம்மாவிடம் சொன்னோம். “நானா? நல்லதாப் போச்சு” என்றாள்.

ஃபைலை எடுத்துக்கொண்டு நான் மட்டும் தி. நகர் டாக்டரிடம் போனேன். சண்டை போடும் எண்ணம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்” என்றார், அவள் அங்கே இருப்பதைப் போல. பிறகு என்னிடம், “ரம்ஜானுக்கு முன்னாடி எங்கிட்ட வர்ற முஸ்லிம் பேஷண்ட்ஸ் அவங்களாவே வந்து கேட்டுடுவாங்க சார். டோஸ மாத்தி எழுதிக் குடுப்பேன். உங்க பக்கம் இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது.”

“நீங்க படிக்கிறப்ப, பேஷண்ட் என்ன சாப்பிடறாங்க, எப்ப சாப்பிடறாங்கன்னு கேக்கக் கத்துக்குடுத்தாங்களா டாக்டர்?”

யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். “டயட்டுன்னு ஒரு லைன் உண்டு” என்றார்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன பாடம் இருக்கிறது என்று மகளைக் கேட்டேன். புத்தகங்களை எடுத்துக் காட்டினாள். எந்த வைட்டமின் குறைந்தால் என்ன நோய் வரும் என்ற பட்டியல். வயிறு ஊதிய குழந்தைகளின் படங்கள். ஒரு கிராம் கொழுப்பில் எத்தனை கலோரி. “எல்லாம் பாஸ் பண்ணிட்டேன் டாடி. ஒரு தட்டு சோத்துல என்ன இருக்கு, அத யாரு எத்தன மணிக்கு சாப்பிடறாங்கன்னு மட்டும் யாரும் சொல்லல” என்றாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவளே போய்த் தன் பேராசிரியையிடம் சொல்லியிருக்கிறாள், தான் எழுதிய கேஸ் ஷீட்டையும் காட்டி. அதற்கு மேடம் போட்ட மார்க் பத்துக்கு எட்டு. அந்த அம்மாள் நேர்மையானவர், விஷயத்தை மேலே கொண்டுபோனார். சில மாதங்கள் கழித்து, உணவையும் வாழ்க்கைமுறையையும் பாடத்தில் எப்படிச் சேர்ப்பது என்று கல்லூரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். நோயாளியின் குடும்பத்திலிருந்து ஒருவர் வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நடந்ததைச் சொன்னேன். நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

“அது டயட்டீஷியன் வேலை இல்லையா?” என்றார் ஒருவர்.

“டயட்டீஷியன் கிட்ட அனுப்பணும்னு தெரியறதுக்கே மொதல்ல கேட்டாகணுமே சார்” என்றார் பேராசிரியை.

“மார்க் இல்லாத பாடத்த எந்தப் பையன் மேடம் படிப்பான்?” என்றார் இன்னொருவர்.

“அப்ப மார்க் வைங்க.”

“வைக்கலாம். யாரு சொல்லிக் குடுக்கறது? இங்க இருக்கற நாம எல்லாருமே அந்த ஒரு லைன்ல படிச்சு வந்தவங்க.” சொன்னவர் அங்கேயே மூத்தவர். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு எழுந்தோம். வரிசை நீளமாக இருந்தது. டயட்டீஷியன் வேலை என்று சொன்னவர் எனக்கு முன்னால் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, நின்றபடியே தண்ணீரோடு விழுங்கினார். சாப்பாட்டுக்கு முன் போடுவது. அந்த உறையின் நிறம் எனக்குத் தெரியும், என் மனைவி விழுங்கிய அதே மாத்திரை. அவர் கைக்குத் தட்டு வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் இரண்டு பேரைத் தனக்கு முன்னால் விட்டார்.

கூட்டத்தின் பலனாகப் பாடம் வந்தது. இரண்டு மணி நேர வகுப்பு, ஒரு படிவம். ஒவ்வொரு மாணவரும் பத்து நோயாளிகளிடம் முந்தின நாள் சாப்பாட்டைக் கேட்டு நிரப்ப வேண்டும். நிரப்பினால் மார்க்.

போன மாதம் என் மனைவியை அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். மகள் வேறு பிரிவில் டூட்டியில் இருந்தாள். வெளிநோயாளிகள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு மாணவி அட்டையில் செருகிய தாளோடு வந்தாள். இரண்டு பக்கம். எங்களை யாரென்று அவளுக்குத் தெரியாது. முதல் கேள்வியே சரியான கேள்வி.

“நேத்து காலைல எழுந்ததுலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்க ஆன்ட்டி? டைமோட சொல்லுங்க. பொறுமையா சொல்லலாம்.”

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “காலைல ஏழு மணிக்கு ஆப்பம், மூணு. தேங்காப்பால். பத்தரைக்கு ஸ்டாஃப் ரூம்ல டீ, ரெண்டு பிஸ்கெட். மத்தியானம் சோறு, மீன் குழம்பு, வறுத்த நெத்திலி. சாயங்காலம் பூசைக்கு முன்னாடி சுண்டல். ராத்திரி மறுபடி ஆப்பம்.”

அந்தப் பெண் வேகமாக எழுதினாள். அதுவரை யாரும் அவளுக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

“அவங்களுக்கு நேத்து நடந்தது ஞாபகம் இருக்காதும்மா” என்றேன். “நேத்து காலைல ரெண்டு இட்லி. மத்தியானம் நான் பண்ணின கீரை சாதம். ராத்திரி கோதுமை தோசை.”

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். சங்கடப்பட்டாள். “பேஷண்ட் சொன்னபடிதான் எழுதணும்னு மேலயே போட்டிருக்கு அங்கிள். கூட வந்தவங்க சொல்றத எழுத இதுல கட்டம் இல்ல.”

“அப்ப வேற பேஷண்ட்டப் பாரேன்.”

“இவங்க பத்தாவது அங்கிள். இன்னிக்கு சப்மிட் பண்ணணும்.”

கடைசிக் கட்டம் ஆலோசனை. அதையும் நிரப்ப வேண்டும். பேனா முனையால் பட்டியலை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு என் மனைவியின் பக்கம் குனிந்து, மரியாதையாக, “தேங்காப்பால் கொஞ்சம் கொறச்சுக்கோங்க ஆன்ட்டி. சுகர் இருக்குல்ல” என்றாள்.

“சரிம்மா.” கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் ஓடினாள்.

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்கல்ல? நாளைலேர்ந்து பால் கம்மியா ஊத்துங்க.”

சரி என்றேன்.